பெட்டி மேலே ஒரு எண், ஊர் மேலே ஒரு எண்: புதிதாகப் புரோகிராமிங் படிப்பவருக்கு

கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கோவையில் பிசிஏ சேர்ந்திருக்கிறான் என் அக்கா பையன். தினமும் வேலந்தாவளம் வழியாக பஸ். காலேஜ் தொடங்கிய இரண்டாம் நாளே போன் வந்துவிட்டது. "மாமா, லேப்டாப் வாங்கோணும். எதுங் மாமா வாங்கறது?" ஜூன் மாசம் ஆனால் இதே கேள்வி ஐந்தாறு வீடுகளிலிருந்து வரும். ஒவ்வொரு வருஷமும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

கூடவே ஒரு வேலையும் தருகிறேன். வாங்கிய லேப்டாப்பை முதல் மாதத்தில் வெள்ளோட்டம் விட ஒரு சின்ன ப்ராஜெக்ட்: நம் பக்கத்து ஆட்கள் யூடியூபில் போடும் கமெண்ட்களை எடுத்து, அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று அளந்து பார்ப்பது. விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் டேட்டாவைச் சேர்ப்பது, சுத்தம் செய்வது, எண்ணுவது, எண்ணி வந்ததைச் சந்தேகப்படுவது என்று தொழிலின் பாதி அதற்குள் இருக்கிறது. அந்தச் சந்தேகம் லேப்டாப் கடையிலும் கை கொடுக்கும். பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும், "சந்தோஷம் 6.1" என்று திரையில் வரும் எண்ணும் ஒரே ரகம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அர்த்தம் தெரியும்.

கடைக்குப் போகும் முன்

முதலில், இந்த மெஷினில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிசிஏ முதல் இரண்டு வருஷம் என்றால் சி, ஜாவா, பைத்தான், எச்டிஎம்எல், கொஞ்சம் எஸ்க்யூஎல். இவற்றில் எதற்கும் பெரிய மெஷின் தேவையில்லை. போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், திரைக்குள்ளேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் எமுலேட்டரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. கேம் விளையாட ஆசை என்றால் அதை அப்பாவிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். "படிப்புக்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டு வேணும்" என்று சொல்லிக் காசு வாங்கின பையன்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அடுத்தது ரேம், அதாவது திறந்து வைத்திருப்பதையெல்லாம் மெஷின் கையில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். விண்டோஸ் 11, பிரவுசரில் பத்து டேப், கோடு எழுதும் எடிட்டர், மூன்றும் திறந்திருந்தாலே 8 ஜிபியில் பெரும்பகுதி போய்விடும். 16 ஜிபி இருந்தால் நாலு வருஷம் நிம்மதி. காசு இடிக்கிறது என்றால் 8 ஜிபி வாங்கலாம், ஆனால் பின்னால் ஏற்ற இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் லேப்டாப் 4 ஜிபி. "பின்னாடி ஏத்திக்கலாம் தம்பி, ரெண்டே நிமிஷ வேலை" என்றார் கடைக்காரர். இரண்டு வருஷம் கழித்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பின்பக்கத்தைக் கழற்றி, செல்போன் டார்ச்சை அடித்து, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த நாலு கறுப்புச் சில்லுகளைக் காட்டினார். ஸ்லாட் என்ற ஒன்றே இல்லை. "இது சுவத்துல அடிச்ச ஆணி மாதிரிங்க. கழட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது" என்று சொல்லிவிட்டு ஸ்குரூவைத் திரும்ப முடுக்கினார். கழற்றிப் பார்த்ததற்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நீங்கள் கடையிலேயே பார்த்துவிடலாம். டெமோவுக்கு வைத்திருக்கும் மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று வந்தால் நல்லது. அந்த வரி இல்லை என்றாலோ குழப்பமாக இருந்தாலோ, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, கம்பெனி தளத்தில் அந்த மாடலின் விவரத்தாளில் "சோல்டர்டு" (பற்றவைத்தது) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பிராசசர் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி

"ஐ5 தான் நல்லதா, ரைசன் 5 நல்லதா?" என்று கேட்பது, "மாருதி நல்லதா, டாட்டா நல்லதா?" என்று கேட்பது மாதிரி. எந்த வண்டி, எந்த வருஷம் என்று தெரியாமல் பதில் கிடையாது. அது எல்லாம் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது.

இன்டெலில் ஐ5-1235யூ என்றால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை: பன்னிரண்டாவது. கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரம் குறைவாக இழுக்கும் ரகம், பேட்டரி நிற்கும். எச் என்றால் வேகமும் சூடும் அதிகம். 2023 டிசம்பரிலிருந்து "கோர் அல்ட்ரா" என்று புதுப் பெயர் வைத்து, முன்னால் இருந்த "ஐ" எழுத்தை எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு நுணுக்கம்: "அல்ட்ரா" என்ற சொல் இல்லாத கோர் 5 120யூ போன்றவை முந்தைய கட்டமைப்புக்கே வைத்த புதுப்பெயர். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை பழையதற்கு ஏற்ற விலையாக இருக்க வேண்டும்.

ஏஎம்டியில் இன்னும் வேடிக்கை. 2023 மாடல்களுக்கு அவர்கள் வைத்த நாலிலக்க எண்ணில் முதல் இலக்கமான 7 வருஷத்தைக் குறிக்கும். உள்ளே இருப்பது எந்தக் கட்டமைப்பு என்று சொல்வது மூன்றாம் இலக்கம். 7520யூ என்றால் மூன்றாம் இலக்கம் 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2. 7530யூ என்றால் ஜென் 3. 7540யூ என்றால் ஜென் 4. மூன்றின் மேலும் "ரைசன் 5" என்றுதான் ஸ்டிக்கர் இருக்கும். முதலாவதில் நாலு கோர், மற்ற இரண்டிலும் ஆறு. ஒரே பெயர்ப்பலகை, உள்ளே மூன்று வேறு கடை. செகண்ட் ஹேண்டிலும் தள்ளுபடியிலும் இவை இன்னும் நிறையக் கிடைப்பதால் சொல்கிறேன்.

பாக்கியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரேஜ் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. விலை மலிவான மெஷின்களில் இஎம்எம்சி என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், அது வேகம் குறைந்த ரகம். வாங்கி வந்து திறந்தால் 476 ஜிபி என்று காட்டும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று பதறாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். திரை ஃபுல் எச்டி, ஐபிஎஸ் ரகம். கடையில் மூடியைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். நிறம் கருகி மாறினால் ஐபிஎஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், மெஷின் லேர்னிங் படிக்கும்போது கூகுள் கோலாப், காகிள் என்ற இணையதளங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. எடை ஒன்றரை கிலோ சுமார். கேமிங் லேப்டாப் இரண்டரைக் கிலோ, அதன் சார்ஜர் ஒரு செங்கல். வேலந்தாவளம் பஸ்ஸில் காலை நேரத்தில் நின்றுகொண்டு போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு கிலோவின் அருமை தெரியும். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மெஷின் என்றால் சார்ஜரை மறந்துவிட்டுப் போனாலும் கிளாஸில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும்

"தமிழ்நாட்டுல வாங்கினா வரி கம்மி" என்று இன்னும் நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. 2017 ஜூலை 1-க்கு முன்னால் இரண்டு மாநில வரியும் வேறு வேறாக இருந்த காலத்துப் பேச்சு அது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம். ஜிஎஸ்டி வந்தபிறகு லேப்டாப்புக்கு இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். வரியில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆஃபரில் மிச்சம் உண்டு. ஓணத்துக்குப் பாலக்காட்டுக் கடைகளில் தள்ளுபடி போடுவார்கள், தீபாவளிக்குக் கோவையில் போடுவார்கள். காத்திருக்க முடிந்தால் இரண்டு சீசனையும் பார்க்கலாம். எல்லையிலிருந்து தள்ளி இருக்கும் ஆட்களுக்கு இந்த வசதி கிடையாது என்று சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வாரன்ட்டியை மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரன்ட்டி என்றால் உங்கள் வீட்டு பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கடை கோவையில், வீடு கேரளாவில் என்றால் "அது எங்க ஏரியா இல்லைங்க" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவையுங்கள். சூட்டில் பில் வெளுத்துவிடும்.

இன்னொன்று இடி. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் பாலக்காட்டுப் பக்கம் இடிக்கிற இடி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சார்ஜரை ஸ்விட்சில் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். வைஃபை ரூட்டரையும் சேர்த்து.

கேரளாவில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கையில் ஒரு சொத்து இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பள்ளிக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் கைட் என்ற கேரள அரசு நிறுவனம் வழியாகப் பள்ளிகளில் போட்டிருப்பது விண்டோஸ் இல்லை, உபுண்டுவை ஒட்டிய லினக்ஸ். எட்டாம் வகுப்பிலிருந்து அதைத் தொட்டுப் பழகினவர், விண்டோஸ் இல்லாமல் வரும் "டாஸ்" மாடலைக் குறைந்த விலைக்கு வாங்கி, உபுண்டுவை ஒரு மணி நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம். புரோகிராமிங் படிக்க அது ஒரு படி மேல் என்பது என் கட்சி. அக்கா பையன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "காலேஜ்ல எல்லாரும் விண்டோஸ் மாமா" என்றான். சரி, இரண்டையும் போட்டுக்கொள் என்றேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதும் தப்பில்லை. ஆபீஸ்களில் ஓடிய மெஷின்கள் கட்டு உறுதியாக இருக்கும், ரேம் ஏற்றலாம், கீபோர்டு நன்றாக இருக்கும். மூன்று விஷயம் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இரண்டாவது, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். மூன்றாவது, பயாஸில் (விண்டோஸ் எழும் முன் ஓடும் அடிப்படை அமைப்பு) பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு பூட்டியிருக்கிறதா என்று ஆன் செய்யும்போதே நுழைந்து பாருங்கள்.

சரி, மெஷின் வந்துவிட்டது. இப்போது வெள்ளோட்டம்

சந்தோஷத்தை அளக்கும் கருவி என்ற எண்ணம் பழையது. எட்ஜ்வொர்த் என்ற பொருளாதார அறிஞர் 1881-லேயே "ஹெடோனிமீட்டர்" என்று அதற்குக் கற்பனையில் ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயரை ஒட்டி "ஹெடோனோமீட்டர்" என்று வைத்துக்கொண்டு அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் டாட்ஸ், டான்ஃபோர்த் என்ற இருவரும் அவர்கள் குழுவும் ட்விட்டருக்கு அதைச் செய்து, 2011-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வழி ரொம்ப எளிது. அதிகம் புழங்கும் பத்தாயிரத்துச் சொச்சம் ஆங்கிலச் சொற்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஐம்பது பேரிடம் 1 முதல் 9 வரை மார்க் போடச் சொன்னார்கள். சிரிப்பு என்பதற்கான சொல் 8.50 வாங்கி முதலில் வந்தது. தீவிரவாதி என்பது 1.30 வாங்கிக் கடைசியில். நடுவில் 4-க்கும் 6-க்கும் இடையே வரும் சொற்களை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தின் சராசரி. அதுதான் அன்றைய நாளின் சந்தோஷம்.

நீங்களும் அதையே செய்யப் போகிறீர்கள், தமிழில், சின்ன அளவில்.

கேள்வியைச் சுருக்குவது முதல் படி. "நம்ம ஊர் சந்தோஷமா இருக்கா?" என்பது அளக்க முடியாத கேள்வி. "ஓணம் வாரத்தில் நம் பக்கத்து வீடியோக்களின் கமெண்ட்கள், அதற்கு முந்தைய வாரத்தைவிட சந்தோஷமாக இருந்தனவா?" என்பது அளக்கக்கூடியது.

அடுத்தது கமெண்ட் எடுப்பது. ட்விட்டர் இலவசமாகத் தந்துகொண்டிருந்ததை 2023-ல் நிறுத்திவிட்டது. யூடியூப் இன்னும் தருகிறது. கூகுள் கணக்கு வைத்து ஏபிஐ சாவி (நம் புரோகிராம் யூடியூபிடம் நேராகக் கேட்டு வாங்குவதற்கான அனுமதி) ஒன்று வாங்கினால் ஒரு நாளைக்கு 10,000 யூனிட் கிடைக்கும். ஒரு பக்கம் கமெண்ட் எடுக்க 1 யூனிட், ஒரு பக்கத்தில் 100 கமெண்ட் வரை வரும். ஆனால் தேடல் வழியாக வீடியோக்களைப் பிடித்தால் ஒரு தேடலுக்கு 100 யூனிட் போய்விடும். அதனால் வீடியோக்களைக் கையாலேயே பார்த்து, முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடலில் இன்னொரு வம்பும் இருக்கிறது. "சித்தூர்" என்று போட்டால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரும் வரும், ஆந்திராச் சித்தூரும் வரும். அந்தப் பக்கமும் தமிழ் பேசுபவர்கள் இருப்பதால் மொழியை வைத்துப் பிரிக்கவும் முடியாது.

கமெண்ட் போட்டவரின் பெயரையும் படத்தையும் சேமிக்காதீர்கள். எழுத்தும் தேதியும் போதும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் தொடவே தொடாதீர்கள். 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் ஒரு வாரம் 6,89,003 பேரின் பக்கங்களில் சந்தோஷப் பதிவுகளையும் சோகப் பதிவுகளையும் கூட்டிக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. மாற்றம் மிக மிகச் சிறியதுதான். 2014-ல் அது கட்டுரையாக வந்தபோது, எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று உலகமே சத்தம் போட்டது. உங்கள் சித்தப்பா போடுகிற சத்தம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இப்போது புரோகிராம் எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதலில் 200 கமெண்ட்டை எக்செல் ஷீட்டில் போட்டு, உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தோஷம், வருத்தம் அல்லது கோபம், இரண்டும் கலந்தது, சொல்லத் தெரியவில்லை, தமிழே இல்லை என்று ஐந்தில் ஒன்றைக் குறியுங்கள். அதே 200-ஐ இன்னொருவரிடம் தனியாகக் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் எத்தனையில் ஒத்துப்போகிறீர்கள் என்று பாருங்கள். 150-ல்தான் ஒத்துப்போனீர்கள் என்றால், உங்கள் புரோகிராம் 95 சதவீதம் சரி என்று காட்டினாலும் நம்பாதீர்கள். மனிதர்களுக்கே தெளிவில்லாத இடத்தில் அதற்கு மட்டும் எங்கிருந்து தெளிவு வந்தது?

இப்படிக் கையால் குறிக்கும் வேலையில்தான் நம் ஊர் மொழி கண்ணில் படும். எங்கள் பக்கம் பாதிக் கமெண்ட் ஆங்கில எழுத்தில் தமிழ், அதில் பாதி மலையாளத்தோடு கலந்தது. ஆங்கில எழுத்தில் "பொளி" என்று ஒருவர் எழுதுகிறார். மலையாளத்தில் அது "அட்டகாசம்". தமிழ் அகராதி வைத்திருக்கும் புரோகிராம் அதையே "போலி" என்று படிக்கும், கொஞ்சம் பசியோடு இருந்தால் "போளி" என்றும் படிக்கும். "கொள்ளாம்" என்றால் மலையாளத்தில் "நல்லா இருக்கு". ஆங்கில எழுத்தில் வந்தால் ளகரமா லகரமா என்று தெரியாது, புரோகிராம் கொலைக் கணக்கில் சேர்த்துவிடும். "விஷமம்" நமக்குக் குறும்பு, அவர்களுக்கு மனவருத்தம். "சங்கடம்" நமக்குத் தர்மசங்கடம், அவர்களுக்குத் துக்கம். ஒரே வீட்டில் பாட்டி ஒரு அர்த்தத்திலும் பேத்தி இன்னொரு அர்த்தத்திலும் சொல்வார்கள்.

கலப்பே இல்லாத தமிழிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. "மரண மாஸ்" என்பதில் மரணம் இருக்கிறது, துக்கம் இல்லை. "வெறித்தனம்" பாராட்டு. "சிரிச்சே செத்துட்டேன்" என்பது உச்சகட்ட சந்தோஷம். அழுகிற முகத்தைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். "ரொம்ப சந்தோஷம், நல்லா இருங்கடா" என்று ஒருவர் எழுதினால் அவர் சந்தோஷமாகவும் இல்லை, அவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. இதையெல்லாம் வெர்மான்ட்டில் போட்ட பட்டியலிலிருந்து மொழிபெயர்த்து எடுக்க முடியாது. நீங்கள் படித்த 200 கமெண்ட்டிலிருந்துதான் உங்கள் சொற்பட்டியல் வர வேண்டும். நூற்றைம்பது சொல் கிடைத்தால் போதும். வீட்டில், பஸ்ஸில், கிளாஸில் பத்துப் பேரிடம் கொடுத்து 1 முதல் 9 வரை மார்க் வாங்குங்கள்.

பிறகு பைத்தான். ஒரு கமெண்ட்டை எடுத்துக் காட்டுகிறேன்: "மழை செம, ஆனா கரண்ட் இல்ல, கொடுமை." உங்கள் பட்டியலில் செம 8, கொடுமை 2 என்று இருந்தால் சராசரி 5. சரிதான், கலந்த மனநிலை. இப்போது "சந்தோஷமே இல்ல" என்பதைக் கொடுங்கள். "சந்தோஷமே" என்ற உருவம் பட்டியலில் இருக்காது, "சந்தோஷம்"தான் இருக்கும். சொல்லின் முன்பகுதியை மட்டும் ஒப்பிட்டால் பிடிக்கும், ஆனால் அடுத்து வரும் "இல்ல"வைக் கவனிக்காமல் 8 மார்க் போட்டுவிடும். அதனால் மார்க் போட்ட சொல்லுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சொல்லுக்குள் "இல்ல", "இல்லை", "கிடையாது" வந்தால் மார்க்கைத் திருப்பிப்போட ஒரு வரி எழுத வேண்டும்: பத்திலிருந்து கழித்தால் 8 என்பது 2 ஆகும்.

முன்பகுதியை ஒப்பிடுவதிலும் ஒரு குழி இருக்கிறது, அக்கா பையன் அதில் நேராகப் போய் விழுந்தான். ஆற்றங்கரை வீடியோ ஒன்றின் கீழே எல்லாரும் அழகு அழகு என்று எழுதியிருக்க, அவன் புரோகிராம் மட்டும் அந்த வீடியோவுக்கு ஊரிலேயே குறைந்த மார்க் போட்டது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டான். சித்தூர் வழியாகப் போகும் ஆற்றின் பெயர் சோகநாசினி. எழுத்தச்சன் வைத்த பெயர் என்பார்கள். சோகத்தை அழிப்பவள். கமெண்ட்டுக்குக் கமெண்ட் ஆற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், இவன் பட்டியலில் "சோக" என்று தொடங்கும் எதற்கும் 2 மார்க்.

எழுத்து விஷயத்திலும் ஒன்று. "மகிழ்ச்சி" என்பதில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் 9 என்று சொல்லும். நமக்கு ஐந்துதான். அது புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிறது. "கொ" என்ற எழுத்தையும் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒரே குறியாகவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும். கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு இரண்டு வேறு சொல். அதனால் ஒப்பிடும் முன் எல்லாக் கமெண்ட்களையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரே வரி வேலை. தமிழில் டைப் செய்ய விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது, உபுண்டுவிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐயாயிரம் கமெண்ட், நூற்றைம்பது சொல். இதற்கு 8 ஜிபி மெஷினே கண் சிமிட்டும் நேரத்தில் விடை சொல்லிவிடும். மின்விசிறி சத்தம் கூட வராது. பிறகு ஆசை இருந்தால் கூகுளின் முரில் போன்ற மொழி மாடலைக் கோலாப்பில் ஓட்டிப் பாருங்கள். அது தமிழ், மலையாளம் உட்பட 17 மொழிகளில் பழகியது, ஆங்கில எழுத்தில் எழுதிய இந்திய மொழிகளையும் பார்த்திருக்கிறது. தமிழ், மலையாள யூடியூப் கமெண்ட்களைக் கையால் குறித்து வைத்த தொகுப்புகளை பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2020-ல் வெளியிட்டார்கள். தமிழில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேல். நான் மேலே சொன்ன ஐந்து வகையும் அவற்றை ஒட்டியதுதான்.

வந்த எண்ணை என்ன செய்வது

சராசரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப் பக்கம் தண்ணீர் திறந்ததாக ஒரு செய்தி வீடியோ என்று வைத்துக்கொள்வோம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்கு வர வேண்டும். கொழிஞ்சாம்பாறை விவசாயி கைகூப்புகிறார், பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி திட்டுகிறார். பாதிப் பேர் 8, பாதிப் பேர் 2, சராசரி 5. "மக்கள் அமைதியாக இருக்கிறார்கள்" என்று ரிப்போர்ட் எழுதினால் எப்படி இருக்கும்? எந்த மார்க்கில் எத்தனை பேர் என்று பட்டை வரைபடம் போட்டுப் பார்த்தால் இரண்டு மலையும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும், நம் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி.

நேரத்தையும் பாருங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல்டர், மேசி இருவரும் 84 நாடுகளில் 24 லட்சம் பேரின் ட்வீட்களை எடுத்து 2011-ல் காட்டினார்கள்: காலையில் மனசு மேலே இருக்கிறது, வேலை நேரத்தில் இறங்குகிறது, ராத்திரி திரும்ப ஏறுகிறது. லீவு நாளில் அந்தக் காலை உச்சம் சுமார் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. காலைக் கமெண்ட்களை ஒரு வாரத்திலும் மதியக் கமெண்ட்களை இன்னொரு வாரத்திலும் எடுத்துவிட்டு ஓணத்தால் சந்தோஷம் கூடியது என்று சொல்லக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், கமெண்ட் போடாதவர்கள். தென்னை மேல் ஏறிக் கள் இறக்குகிறவர், மில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிடுகிறவர், போனில் பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் மட்டும் தெரிந்த பாட்டி. இவர்கள் உங்கள் கணக்கில் இல்லை. போடுகிறவர்களும் மனசில் இருப்பதையா போடுகிறார்கள்? ஃபேஸ்புக் 2009-ல் பதிவுகளின் சொற்களை வைத்து தேசிய சந்தோஷக் குறியீடு ஒன்று வெளியிட்டது. அந்த எண்ணையும், கேள்வித்தாளில் ஆட்கள் தங்கள் வாழ்க்கைத் திருப்தியைப் பற்றிச் சொன்னதையும் பிற்பாடு ஓர் ஆய்வில் ஒப்பிட்டபோது, இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அதனால் கடைசி வேலையாக, போனை வைத்துவிட்டு இருபது பேரை நேரில் கேளுங்கள். உலக சந்தோஷ அறிக்கைக்குக் கேட்கும் கேள்வியையே கேட்கலாம்: பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை படி உள்ள ஓர் ஏணி. மேல்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, கீழ்ப்படி மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

அக்கா பையன் நோட்டும் பேனாவுமாக என் அம்மாவிடமிருந்துதான் ஆரம்பித்தான். அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏணியா? எனக்கு முட்டி வலி கண்ணு. நான் கீழயே உக்காந்துக்கறேன், நீ ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். இவன் பூஜ்ஜியம் என்று எழுதப் போனான். நான் தடுத்தேன். பதில் வராத கட்டத்தைக் காலியாக விட வேண்டும், பூஜ்ஜியம் போட்டால் பைத்தான் அதையும் ஒரு மார்க்காக எடுத்துக்கொண்டு மொத்தச் சராசரியையும் கீழே இழுத்துவிடும். காலியாக விட்டுவிட்டு, பக்கத்தில் "சிரித்தார்" என்று மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.